தவணையில் போனா, ரொக்கத்தில் போனா: ஒரு கிருஷ்ணகிரிக் கணக்கு

எங்கள் பக்கம் வட்டியைச் சதவீதத்தில் யாரும் பேசுவதில்லை. "ஒரு வட்டி", "ஒன்றரை வட்டி", "ரெண்டு வட்டி", அவ்வளவுதான். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி. அது சொந்தக்காரர்களுக்குள் ஓடுவது. ரெண்டு வட்டி ஊர் வட்டி. மூன்று என்றால் ஆஸ்பத்திரி அவசரம். அதற்கு மேல் வாங்கினால் வாங்கியவரைப் பற்றித் திண்ணையில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இப்படிக் கால் ரூபாய்க்கும் நின்று பேசுகிற ஆட்கள், ரவுண்டானா பக்கம் ஒரு செல்போன் கடைக்குள் நுழையும்போது மட்டும் அந்தக் கணக்கைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். உள்ளே "ஜீரோ வட்டி" என்று பலகை தொங்குகிறது, அதனால்.

நான் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் போடுகிற கடை வைத்திருக்கிறேன். பேங்க் ஸ்டேட்மெண்ட் பிரிண்ட் எடுக்க வருகிறவர்களின் தாளைப் பார்க்காமல் இருக்க முயன்றாலும் கண்ணில் பட்டுவிடும். ஐந்தாம் தேதி வாக்கில் 1,450, 1,799, 2,083 என்று ஒரு தொகை கழிந்திருந்தால் அது பெரும்பாலும் போன் டியூ.

மாசி கடைசியில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவன் சித்தி மகன். ஓசூர் சிப்காட்டில் வேலை, மாதம் ஏழாம் தேதி சம்பளம். இன்னொருவர் மாமா. பர்கூர் பக்கம் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, நான்கு மாடு, வரப்பில் ஆறேழு புளியமரம். தருமபுரியில் கல்லூரி படிக்கும் மகளின் போன் உடைந்துவிட்டது. இரண்டு பேரும் பார்த்து வைத்திருந்ததும் கிட்டத்தட்ட ஒரே போன்தான், விலை 18,000. தவணையா, ரொக்கமா? இருவருக்கும் நான் வேறு வேறு பதில் சொன்னேன். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கடைக்குள் நடப்பதைப் பார்ப்போம். தம்பியோடு போயிருந்தேன். கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த பையன் போனைக் கையில் கொடுத்து, கேமராவைத் திறந்து காட்டி, தம்பி ஒரு செல்ஃபி எடுக்கும் வரை விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு கேட்ட முதல் கேள்வி: "இ.எம்.ஐ.யாண்ணா, கேஷாண்ணா?" தம்பி "இ.எம்.ஐ." என்று சொல்லப் போனான். நான் கையைப் பிடித்து, "ரொக்கம்னா எவ்வளவுக்குத் தருவீங்க?" என்றேன். பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து 17,200 என்றான். அப்புறம்தான் தவணைத் திட்டத்தைச் சொல்லச் சொன்னேன்.

இந்த வரிசை முக்கியம். இ.எம்.ஐ. என்று முதலில் சொல்லிவிட்டால் ரொக்க விலை என்ற ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். அதற்கப்புறம் பேச்சு முழுக்க "மாசம் எவ்வளவு" என்பதில்தான் சுற்றும்.

திட்டம் இதுதான். விலை 18,000. பத்துத் தவணை, மாதம் 1,800, வட்டி இல்லை. முதல் இரண்டு தவணையை அன்றைக்கே கட்ட வேண்டும், அதாவது 3,600. பிராசஸிங் ஃபீஸ் ஜி.எஸ்.டி.யோடு 700. ஆக அன்று கையிலிருந்து போவது 4,300. மீதி எட்டு மாதம் எட்டு 1,800.

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். ரொக்கமாகப் போயிருந்தால் 17,200. அதில் 4,300 நாமே கொடுத்துவிட்டோம். அப்படியென்றால் பைனான்ஸ்காரர் நமக்கு உண்மையில் உதவியது 12,900 ரூபாய்தான். அதற்குத் திருப்பிக் கட்டுவது எட்டு 1,800, அதாவது 14,400. கூடுதல் 1,500.

"எட்டு மாசத்துக்கு 1,500 தானே, ஒன்றரை வட்டி கூட வராதே" என்றான் தம்பி. அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். 12,900 முழுவதும் எட்டு மாதமும் நம் கையில் இருப்பதில்லை. முதல் மாதம்தான் அவ்வளவு இருக்கிறது. ஒவ்வொரு டியூவிலும் அசல் கரைந்து, கடைசி மாதம் நம்மிடம் நிற்பது 1,800-க்கும் குறைவு. ஊரில் வட்டிக்கு வாங்கினால் அசல் அப்படியே நிற்கும், வட்டி மட்டும் மாதாமாதம் போகும். தவணையில் அசலும் சேர்ந்து போகிறது. அதனால் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

ஒரு குறுக்கு வழி இருக்கிறது, செல்போன் கால்குலேட்டரே போதும். கூடுதலாகக் கட்டும் தொகையை இரண்டால் பெருக்குங்கள்: 1,500 என்றால் 3,000. கடனில் எத்தனை நூறு இருக்கிறது என்று பாருங்கள்: 12,900-ல் 129. பாக்கித் தவணைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுங்கள்: 9. இந்த இரண்டையும் பெருக்கினால் 1,161. 3,000-ஐ 1,161-ஆல் வகுத்தால் 2.58. மிகச் சரியாகப் போட்டால் இரண்டரைக்குப் பக்கத்தில் வரும். அதாவது "ஜீரோ வட்டி" பலகைக்குக் கீழே நின்று நாம் வாங்குவது ரெண்டரை வட்டிக் கடன். வருடத்துக்கு 30 சதவீதம். ஊர் வட்டியை விட அரை ரூபாய் அதிகம்.

கடைக்காரரைத் திட்ட இதைச் சொல்லவில்லை. வட்டி எங்கேயும் மாயமாகிவிடாது, யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதைச் சொல்லத்தான். சில சமயம் போன் கம்பெனி கொடுக்கிறது. பழைய மாடலை வேகமாகத் தள்ள வேண்டும், தீபாவளிக்குக் கூட்டம் சேர்க்க வேண்டும் என்றால் வட்டியைத் தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளும். சில சமயம் கடை தன் லாபத்திலிருந்து கொடுக்கிறது, அதனால்தான் தவணைக்காரருக்கு விலை குறைக்க அவர்களுக்கு இடமில்லை. மற்ற நேரத்தில் பிராசஸிங் ஃபீஸ், கார்டு ஃபீஸ் என்று வேறு பெயரில் நாமே கொடுக்கிறோம். ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பி, ஜீரோ சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது, கிரெடிட் கார்டு தவணைகளில் வட்டியைப் பிராசஸிங் ஃபீஸாக மறைத்து வசூலிக்கிறார்கள் என்று கண்டித்தது. அதற்கப்புறம் பலகைகளில் "நோ காஸ்ட்" என்ற பெயர் பெருகிவிட்டது. எங்கள் ஊர்ப் பலகைகளில் ஜீரோ இன்னும் போகவில்லை.

இன்னொரு வகை, வட்டி உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லும் கடன். "ஒன்றரை பர்சென்ட்தாங்க, பிளாட்" என்பார்கள், அதாவது அசல் கரைந்தாலும் கடைசிவரை முழுத் தொகைக்கே வட்டி. 12,000 ரூபாய்க்கு மாதம் 180, பன்னிரண்டு மாதத்துக்கு 2,160. மேலே சொன்ன அதே காரணத்தால் இதுவும் ஒன்றரை கிடையாது, இரண்டரைக்கு மேல். பிளாட் என்ற சொல் காதில் விழுந்தால் சொன்ன வட்டியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், பெரிதாகத் தப்பாது.

நீங்களே இந்தக் கணக்கைப் போட வேண்டியதும் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் வங்கியோ பைனான்ஸ் கம்பெனியோ இப்படிப்பட்ட தவணைக் கடன் கொடுக்கும்போது, எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்று ஒரு முக்கிய விவரத் தாளில் போட்டு, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நடைமுறையில் அது ஓ.டி.பி. வரும் நேரத்தில் போனுக்கு ஒரு பி.டி.எஃப். ஆக வந்து விழும். கடைப் பையன் "ஓ.டி.பி. சொல்லுங்கண்ணா" என்று அவசரப்படுத்துவான். ஓ.டி.பி. சொன்ன பிறகு அதைப் படித்து ஒரு பயனும் இல்லை. முதலில் திறந்து, சதவீதம் போட்ட இடத்தைத் தேடி, பன்னிரண்டால் வகுத்தால் நம் ஊர் வட்டி வந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: கடை குறைக்காமல் விட்ட ரொக்கத் தள்ளுபடி அந்தத் தாளில் இருக்காது. அது கடைக்காரருக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள சமாச்சாரம். தாளில் சின்ன எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம்.

கிரெடிட் கார்டு தவணைக்கு இந்தத் தாள் விதி கிடையாது, ஆனால் கணக்கு அங்கே கொஞ்சம் சாதகமாகவே இருக்கிறது. தம்பி பார்த்த அதே போன் ஆன்லைனில் 17,300-க்குக் கிடைத்தது. கார்டில் ஆறு மாதம் நோ காஸ்ட் இ.எம்.ஐ. போட்டாலும் அதே விலை. இங்கே நடப்பது என்னவென்றால், பேங்க் வழக்கம்போல 15 சதவீதம் வட்டி போடும். அந்த வட்டித் தொகையை முன்கூட்டியே விலையில் கழித்துக்கொடுப்பார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அதை யாரும் கழித்துத் தர மாட்டார்கள். இந்தப் போனுக்கு அது 130 ரூபாய் சுமார். பிராசஸிங் ஃபீஸ் 199, அதற்கும் வரி சேர்த்து 235. ரொக்க விலையை விட 100 அதிகம். எல்லாம் சேர்த்தால் 465 ரூபாய். குறுக்கு வழியில் போட்டால் முக்கால் வட்டி. சொந்தத் தங்கை கூட இதைவிடக் குறைவாகக் கொடுக்க மாட்டாள்.

தம்பியிடம் ரொக்கமும் இருந்தது, 22,000. ஆனால் சித்திரையில் அக்காவுக்கு வளைகாப்பு, கையில் பணம் நிற்க வேண்டும். சம்பளம் ஏழாம் தேதி அக்கவுண்டில் விழுந்துவிடும். அவனுக்குக் கார்டில் ஆறு மாதம் போடச் சொன்னேன். அதிலும் ஒரே ஒரு நிபந்தனை: கார்டு பில்லை மாதாமாதம் முழுசாகக் கட்ட வேண்டும். "மினிமம் டியூ" மட்டும் கட்டி ஒரு மாதம் தள்ளினால் வட்டி மூன்றைத் தாண்டி நாலை நோக்கிப் போகும். அப்புறம் இந்த முக்கால் வட்டிக் கணக்கெல்லாம் காற்றில் போச்சு.

இங்கே ஒரு கிளைப் பேச்சு. ஓசூருக்குப் பக்கத்தில், நம் மாவட்டத்திலேயே உள்ள டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில்தான் ஐபோனின் வெளிக்கூடு தயாராகிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். லீவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் சிலர் என் கடைக்கு வருவார்கள். ஐபோனைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும்: எந்த மாடலில் எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்பதுவரை தெரியும். கையில் இருப்பது தவணையில் வாங்கிய 12,000 ரூபாய் போன்.

சரி, மாமா கதைக்கு வருவோம். அவருக்குத் தவணை வேண்டாம் என்றேன். ரெண்டரை வட்டி என்பது ஒரு காரணம், ஆனால் அது பெரிய காரணம் இல்லை. அவர் வருமானம் மாதம் பார்த்து வருவதில்லை என்பதுதான்.

தவணைத் திட்டத்தை வகுத்தவர்கள் மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்து வகுத்திருக்கிறார்கள். மாந்தோப்புக்காரருக்கு மாசியில் பூ இருக்கும், பிஞ்சு இருக்கும், பணம் இருக்காது. மருந்தடிக்கத்தான் செலவு இருக்கும். காய் இறங்கி, மண்டியிலோ கூழ் ஆலையிலோ கணக்கு முடிந்து கையில் காசு வர ஆனி, ஆடி ஆகிவிடும். அதுவும் என்ன விலைக்கு என்பது அன்றைக்குத்தான் தெரியும். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை எப்படி விழுந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். ஒரு பெட்டி விலை போன வாரம் ஒன்று, இந்த வாரம் ஒன்று. பால் பணம் மட்டும்தான் ஓரளவு முறையாக வருவது, அதில் பாதி தீவனத்துக்கே போய்விடும். இப்படி இருக்கிற வீட்டுக்குள் ஐந்தாம் தேதி, ஐந்தாம் தேதி என்று ஒரு டியூவைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். 2021-ல் நானும் ஒரு போனைத் தவணையில் வாங்கினேன். மாதம் 1,450. மூன்றாவது மாதம் நாலாம் தேதி ராத்திரி அக்கவுண்டில் சரியாக 1,480 வைத்துவிட்டுத் தூங்கினேன். ஏதோ ஒரு வருடக் கட்டணம் என்று பேங்க் எடுத்துக்கொண்டதில் டியூவுக்கு நாற்பது ரூபாய் குறைந்து போனது. டியூ பவுன்ஸ். பேங்க் 250-ம் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 295 பிடித்தது. பைனான்ஸ் கம்பெனி தன் பங்குக்கு ஐந்நூறு சொச்சம் போட்டது. எனக்கு எஸ்.எம்.எஸ். பார்க்கிற பழக்கம் கிடையாது. நாலு நாள் கழித்து அவர்கள் மறுபடி பணம் எடுக்க முயன்றபோதும் அக்கவுண்ட் அப்படியே இருந்தது. இன்னொரு 295. நாற்பது ரூபாய்க்குப் பதில் ஆயிரத்துக்கு மேல் போனது. அந்த மாதம் நான் கட்டிய டியூவில் முக்கால் பங்கு அது. அதைக் கட்டிய பிறகும் ஒரு பெண் குரல் தினமும் காலையில் கூப்பிட்டு "சார், உங்க பேமெண்ட் பெண்டிங்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனக்கு வந்த போன் எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு. அந்த விதி வரும் முன்பே விதிப்படிதான்.

சம்பளக்காரருக்கும் இது நடக்கும். ஆனால் சம்பளக்காரர் டியூ தேதியைச் சம்பளத்துக்கு மறுநாளாக மாற்றிக்கொண்டால் தப்பித்துவிடுவார். ஏழாம் தேதி சம்பளம் வாங்குகிறவர் இரண்டாம் தேதி டியூவுக்கு ஒத்துக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. கேட்டால் தேதியை மாற்றித் தருகிறார்கள், ஆனால் கையெழுத்துப் போடும் முன்பே கேட்க வேண்டும். கேட்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: தவணை தவறினால் போனையே பூட்டிவிடும் செயலி எதையாவது ஏற்றுகிறார்களா என்று. கடனில் வாங்கும் சில போன்களில் அப்படி நடந்திருக்கிறது.

பவுன்ஸ் ஆனதன் வால் நீளமானது. நாம் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று கணக்கு வைக்கும் சிபில் நிறுவனத்தின் மதிப்பெண் 300-லிருந்து 900 வரை போகும். தவறிய டியூ ஒன்று அதைக் கீழே இழுக்கும். 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது இந்த விவரம் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள், அதனால் நல்லதும் கெட்டதும் சீக்கிரமே ஏறிவிடுகிறது. டிராக்டர் லோனுக்கோ மகளின் படிப்புக் கடனுக்கோ போய் நிற்கும் அன்றைக்குத்தான் எப்போதோ வாங்கிய போனின் கடைசித் தவணை 312 ரூபாய் பாக்கி என்பது தெரியவரும். வருடத்துக்கு ஒருமுறை இந்த அறிக்கையை இலவசமாகவே எடுக்கலாம். தவணை முடிந்ததும் கடன் முடிந்ததற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் கடையில் அதைப் பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாளில் சரியாகவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது.

எல்லாவற்றையும் விட மோசமான ஒரு தவணை இருக்கிறது. அடுத்தவர் கார்டில் போடும் தவணை. "மச்சான், உன் கார்டுல போட்டுக் குடுடா, மாசா மாசம் ஜிபே பண்ணிடுறேன்." இதற்கு இல்லை என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. முதல் மூன்று மாதம் ஒழுங்காக வரும். நாலாவது மாதம் ஒரு வாரம் தள்ளும். ஆறாவது மாதம் மச்சான் பெங்களூரில் வேலை மாறியிருப்பான், போனை எடுக்க மாட்டான். அந்தப் போனுக்குத்தான் நாம் டியூ கட்டிக்கொண்டிருப்போம். கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கடன்தான் அது, போன் யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று எந்த பேங்கும் பார்ப்பதில்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அது திரும்பி வராது என்று நினைத்துக்கொண்டு கொடுங்கள். நான் ஒருமுறை கொடுத்தேன். இப்போது அவன் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதாமல் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், பாதி கழிந்திருக்கும்.

இவ்வளவும் சொன்னதால் ரொக்கம்தான் உயர்ந்தது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ரொக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கௌரவத்துக்காக மூன்று வட்டிக்குக் கைமாற்று வாங்கி "ரொக்கமா வாங்கினேன்" என்று சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அந்த ரெண்டரை வட்டித் தவணையே மேல். வீட்டில் இருக்கிற மொத்தச் சேமிப்பையும் துடைத்துப் போன் வாங்குவதும் தப்புதான். மறுவாரம் மாட்டுக்கு மடிவீக்கம் வந்தால் டாக்டருக்குக் கொடுக்கக் காசு வேண்டாமா? அந்த நிலையில் உள்ளவருக்குத் தவணை கொஞ்சம் வட்டி கேட்டாலும் மூச்சுவிட இடம் கொடுக்கிறது. அடுத்து, கடையில் ரொக்கத்துக்கு ஒரு ரூபாய் கூடக் குறைக்க மாட்டேன் என்கிறார்கள், பிராசஸிங் ஃபீஸும் இல்லை, போன் கம்பெனி நிஜமாகவே வட்டியை ஏற்றுக்கொள்கிறது என்றால் ரொக்கம் கொடுப்பது வீண். அப்படிப்பட்ட திட்டம் அபூர்வம், ஆனால் வருகிறது. அப்போது பணத்தைச் சேமிப்புக் கணக்கில் விட்டுவிட்டுத் தவணையில் வாங்குங்கள். எட்டு மாதத்தில் வட்டியாக நூற்றுச் சொச்சம் ரூபாய் கிடைக்கும். இரண்டு பிரியாணி கூட வராது, இருந்தாலும் நம் பணம்.

நகைக்கடன் என்று ஒரு யோசனையை மாமாவே சொன்னார். கூட்டுறவு வங்கியில் வட்டி ஒரு ரூபாய்க்குக் கீழேதான் வரும், சீசன் முடிந்து மொத்தமாக மீட்டுவிடலாம். கணக்குப்படி பார்த்தால் அவர் வருமானத்துக்கு மிகவும் பொருந்தும் கடன் அதுதான். மாதா மாதம் யாரும் கூப்பிட மாட்டார்கள். அத்தை இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே இருந்தார். "போன் வாங்க என் கம்மலா?" என்று ஒரே வார்த்தை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சீட்டு இன்னொரு வழி. எங்கள் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து மாதம் 2,000 போடும் சீட்டு ஒன்று ஓடுகிறது. தவணை போலத்தான், தேதிக்குக் கட்ட வேண்டும். ஆனால் முன்னால் கட்டிவிட்டுப் பிறகு வாங்குகிறோம். கடைசிச் சீட்டு எடுப்பவருக்குக் கசர், அதாவது முன்னால் எடுத்தவர்கள் தள்ளிவிட்ட தொகையில் பங்கு, சேர்ந்து லாபமே வரும். நடத்துபவர் ஓடிவிடாமல் இருக்க வேண்டும், அதுதான் ஒரே பயம். இதில் யாரும் சொல்லாத லாபம் ஒன்று உண்டு: எட்டுப் பத்து மாதம் காத்திருந்தால் பார்த்து வைத்த அதே போன் பெரும்பாலும் ஓராயிரமாவது குறைந்திருக்கும். தவணைக்காரர் கடைசி டியூ கட்டும் மாதத்தில் நாம் அதே போனைக் குறைந்த விலைக்குப் புதிதாக வாங்குவோம். அவர் போன் அதற்குள் ஒருமுறை கீழே விழுந்திருக்கும். ஒகேனக்கல் பரிசலில் நழுவித் தண்ணீருக்குள்ளேயே போயிருந்தாலும் டியூ மட்டும் நிற்காது.

பழைய போன் வாங்கலாமா என்று கேட்டார் மாமா. வாங்கலாம், ஆனால் *#06# அழுத்தி வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, பில்லோடு வாங்க வேண்டும். திருட்டுப் போன் என்று ஏற்கெனவே முடக்கியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். மகள் பழைய போன் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதால் அதையும் விட்டோம்.

கடைசியில் புளிதான் கைகொடுத்தது. மாசி, பங்குனியில் புளி உலுக்கி, தட்டி, கொட்டை எடுத்து விற்றதில் பதினோராயிரத்துச் சில்லறை இருந்தது. 18,000 போனுக்கு எட்டு மாதம் டியூ கட்டுவதற்குப் பதில் 10,500-க்கு ஒரு போன் பார்த்தோம். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புக்கும், யூடியூபில் பாடம் பார்க்கவும், உதவித்தொகை விண்ணப்பம் போடவும் அது தாராளம். கேமரா சுமார்தான். மகள் இரண்டு நாள் பேசவில்லை.

கடையில் அதே பையன். மாமா இடுப்பிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து எச்சில் தொட்டு எண்ண ஆரம்பித்ததும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. "ஏங்க மாமா, கையில இருக்கிறதைக் குடுத்துட்டு அந்தப் பெரிய போனையே எடுத்துக்கலாமுங்க. மீதி கம்மியா வரும், ஜீரோ வட்டிதான்" என்றான்.

மாமா எண்ணுவதை நிறுத்தினார். "அப்போ அதை ரொக்கமா எடுத்தா எவ்வளவுப்பா?"

"அதுக்கு எண்ணூறு குறைச்சுத் தரலாமுங்க."

"வட்டியே இல்லாததுக்கு எண்ணூறு எங்கிருந்துப்பா குறையுது?"

பையன் என்னைப் பார்த்தான். நான் மேசைக் கண்ணாடிக்குள் இருந்த சார்ஜர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணி, இருபத்தொரு நோட்டு கொடுத்தார். பில்லில் பேக் கவர் 250 என்று தனியாகப் போட்டிருந்தார்கள், கூடவே ஸ்கிரீன் பாதுகாப்புத் திட்டம் என்று 499. கேட்காமல் சேர்த்ததை எடுத்துவிட்டு, ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு புது பில் போட்டுத் தர இன்னும் பத்து நிமிடம் ஆனது. பர்கூர் பஸ் அதற்குள் போய்விட்டது.